காற்பந்தும் கைப்பொருளும்

விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்பது நாட்டில் வழங்கும் பழமொழி. உணவு, உடை, நூல், பிரயாணம் ஆகியவற்றில் இதனை ஒருவாறு கைக்கொள்ளும் மாணவர் பலர், விளையாட்டுக் காண்பதில் மட்டும் மறந்துவிடுகின்றனர். காற்பந்தாட்டம் காண்பதற்கெனக் கேபிள் இணைப்பும், அதன்மேல் விளையாட்டுச் சேனல்களுக்குத் தனிக் கட்டணமும், அதுவும் போதாதென்று செல்போனில் மாதச் சந்தாவும் செலுத்தி, மாதக் கடைசியில் விடுதிச் சாப்பாட்டுக் கட்டணத்திற்குத் தோழரிடம் கைமாற்று வாங்குவோரை நாம் அறிவோம். மற்றொரு சாரார், பொருளின்மையால் இவ்வின்பம் தமக்கு உரியதன்று எனக் கருதி ஒதுங்கி நிற்கின்றனர். இவ்விரு சாராரின் எண்ணமும் தவறுடையது என்பதே நமது கருத்து. சிறு செலவிலும், சில வேளை செலவே இன்றியும், நல்ல காற்பந்தாட்டம் காண வழிகள் உண்டு. அவற்றை முறையாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதத் தூண்டியது கீரனூரில் நாம் கேட்ட ஒரு கேள்வி. திருச்சிராப்பள்ளிக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே, ஏறக்குறைய நடுவழியில் உள்ளது அவ்வூர். குளத்தூர் வட்டத்தின் தலைமையிடம். அப்பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து நாடோறும் இரயிலிலும் பேருந்திலும் வந்து நம்முடன் பயிலும் மாணவர் சிலர் உளர். அவர்களுள் ஒருவர் நமது கல்லூரிக் காற்பந்துக் குழுவிற் பின்காப்பாளராக ஆடுபவர். ஒரு விடுமுறை நாளில் அவர் வீட்டிற்குச் சென்றிருந்தோம். அவர்தம் தந்தையார் நிலக்கடலைக் கொல்லையிலும், வேலையற்ற நாளில் பிறர் நிலத்திலும் உழைப்பவர். வீட்டில் அரசு வழங்கிய பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று இருந்தது. கட்டணம் கட்ட இயலாமையால் கேபிள் இணைப்பைத் துண்டித்துவிட்டனர். பெரியவர் நம்மை நோக்கி, “தம்பி, இந்தப் பெட்டியில் உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் பந்து ஆடுகிறார்கள் என்கிறீர்கள். நம் பிள்ளை ஆடுவது இதில் வராதா?” என்று வினவினார். நாம் அப்போது விடை கூறவில்லை. விடை பின்னர்க் கிடைத்தது. அதனை இறுதியிற் கூறுவோம்.

முன்னாளில் கண்டவாறு

பொருளற்றோர் காற்பந்தாட்டம் காண முயன்ற வரலாறு நம் நாட்டில் நீண்டது. 1911-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 29-ஆம் நாள் கல்கத்தா மைதானத்தில் ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதியாட்டம் நிகழ்ந்தது. மோகன் பகான் சங்கத்தார், ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவினரை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றனர். வென்ற குழுவிற் பூட்ஸ் அணிந்து ஆடியவர் ஒருவரே, ஏனையோர் வெறுங்காலினர். அன்று பல பதினாயிரம் மக்கள் வெளியூர்களிலிருந்தும் திரண்டு வந்தனர். சீட்டு வாங்கியோர் உள்ளே இருந்தனர். வாங்க இயலாதோர் மரங்களில் ஏறினர். மரமும் கிட்டாதோர் தொலைவில் நின்றனர். அவர்கள் பொருட்டுக் காற்றாடிகளில் வெற்றிக் கணக்கை எழுதி வானிற் பறக்கவிட்டனர் எனக் கூறுவர். கம்பியும் இல்லை, பெட்டியும் இல்லை. எனினும் செய்தி ஏழைக்கும் எட்டியது.

பின்னர் வானொலி வந்தது. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. ஊராட்சி மன்றத்தார் வைத்த பொது வானொலிப் பெட்டியின் முன் ஊரார் கூடி அமர்ந்த காலத்தை நம் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறோம். சென்னையில் தொலைக்காட்சி 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கியது. தென் மாவட்டங்களுக்குப் பிற்காலத்திற் கொடைக்கானல் மலையிலிருந்து ஒளிபரப்பு வந்தது. கூரைமேல் அலுமினிய ஆண்டெனா நட்டு, ஒருவர் அதனைத் திருப்ப, மற்றொருவர் கீழே நின்று “தெரிகிறது, தெரிகிறது” எனக் கூவியது அக்காலத்து வழக்கம். 1986-ஆம் ஆண்டு மெக்ஸிகோவில் நடந்த உலகக் கோப்பை ஆட்டங்களைத் தூர்தர்ஷன் காட்டியபோது, தெருவில் ஒரு வீட்டிலேயே பெட்டி இருந்தாலும் தெருவார் அனைவரும் கண்டனர். பார்ப்பதற்குப் பணம் வேண்டும் என்ற எண்ணமே அன்று இல்லை.

கேபிள் வந்த பின்

1990-களின் தொடக்கத்தில் கேபிள் வந்தது. சேனல்கள் பெருகின, ஆட்டங்களும் பெருகின, உடன் கட்டணமும் பெருகியது. தமிழ்நாட்டு அரசு 2006 முதல் 2011 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விலையின்றி வழங்கியது. 2011-ஆம் ஆண்டில் அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தரத் தொடங்கியது. ஆயினும் விளையாட்டுச் சேனல்களிற் பெரும்பாலானவை கட்டணச் சேனல்கள். அடிப்படைக் கட்டணம் வேறு, சேனல் கட்டணம் வேறு, வரி வேறு. மாதம் 250 ரூபாய் செல்வதாகக் கொண்டால், ஆண்டுக்கு 3,000 ரூபாய் ஆகும். அதனால் ஒரு மாணவர் கண்டு மகிழும் ஆட்டங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், ஓர் ஆட்டத்தின் விலை எவ்வளவு என்பது விளங்கும். இக்கணக்கை ஒவ்வொருவரும் தம் குறிப்பேட்டில் ஒருமுறை போட்டுப் பார்த்தல் நன்று.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் கல்லூரிக் காற்பந்து என வழங்குவது வேறோர் ஆட்டம்; பந்தும் முட்டை வடிவினது, கையாலும் எடுத்துச் செல்லப்படுவது. 1869-ஆம் ஆண்டு ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்னும் இரு கல்லூரி மாணவரிடையே அது தொடங்கியது. 1939-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் முதன்முறையாகக் கல்லூரி ஆட்டம் ஒன்று தொலைக்காட்சியில் ஒளிபரப்பப்பட்டது. எந்த ஆட்டத்தைக் காட்டலாம் என்பதை நெடுங்காலம் கல்லூரிகளின் பொதுச் சங்கமே முடிவு செய்து வந்தது. 1984-ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்வதிகாரத்தை நீக்கியபின், கல்லூரிகளும் அவற்றின் கூட்டமைப்புகளும் ஒளிபரப்பு உரிமையைத் தாமே விற்கலாயின. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆட்டரங்கில் மட்டும் 1,00,000-க்கு மேற்பட்டோர் அமரலாம். அவ்வளவு பேர் விரும்பும் பொருளுக்கு விலை ஏறுதல் இயல்பு. ஆதலின் கேபிள் இன்றி அவ்வாட்டங்களைக் காண்பது எங்ஙனம் என்பது அங்குள்ள மாணவர்க்கும் ஒரு கேள்வியாயிற்று. பலர் மீண்டும் வீட்டு ஆண்டெனாவை நாடுகின்றனர். கட்டணமில்லாப் பொது ஒளிபரப்பில் வரும் ஆட்டங்கள் அதன்வழிக் கிடைக்கின்றன.

கேபிள் இல்லாதார்க்குச் சட்டம் தந்த வழி

நம் நாட்டிற் பழைய முறை ஒளிபரப்பிகள் 2022-ஆம் ஆண்டளவில் பெரும்பாலும் நிறுத்தப்பட்டன. ஆதலின் பழைய ஆண்டெனா நமக்குப் பயன்படாது. அதனிடத்தை நிரப்புவது தூர்தர்ஷனின் ‘டி.டி. ஃப்ரீ டிஷ்’. 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் ‘டி.டி. டைரக்ட் பிளஸ்’ என்ற பெயருடன் தொடங்கியது இது. டிஷ்ஷும் பெட்டியும் வாங்க ஏறக்குறைய 2,000 ரூபாய்க்குட்பட்ட செலவு ஒருமுறை உண்டு. மாதக் கட்டணம் இல்லை. டி.டி. ஸ்போர்ட்ஸ் சேனல் இதில் வரும். கீரனூர்ப் பக்கத்தில் டிஷ்ஷைத் தென்கிழக்கு வானை நோக்கி நன்கு நிமிர்த்தி வைத்தல் வேண்டும். அத்திசையில் தென்னை மரமோ மாடிச் சுவரோ மறைத்தலாகாது. பெருமழை பெய்யும்போது படம் சிறிது நேரம் மறையும். அது பெட்டியின் பழுதன்று.

இவ்வழிக்குப் பின்னே ஒரு நீதிக் கொள்கை உண்டு. 1995-ஆம் ஆண்டில் நம் உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுச் சொத்து எனத் தீர்ப்பளித்தது. அதன்பின் 2007-ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம், தேசிய முக்கியத்துவம் உடையவை என அரசு அறிவிக்கும் விளையாட்டுகளின் நேரடிக் காட்சியை, உரிமை பெற்ற தனியார் நிறுவனத்தார் பிரசார் பாரதிக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும் என விதித்தது. உலகக் கோப்பைக் காற்பந்தின் முக்கிய ஆட்டங்கள் அவ்வகையின. அங்ஙனம் பெற்ற காட்சியைத் தூர்தர்ஷன் தன் சொந்த ஒளிபரப்பிலும் தன் டிஷ் சேவையிலும் காட்டலாமேயன்றிக் கேபிள்காரர் வழியே அனுப்பலாகாது என 2017-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இதன் பொருளை மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். கட்டணம் செலுத்த இயலாதவர் பார்க்கட்டும் என்பதற்காகவே அச்சட்டம் அமைந்தது. எனவே கேபிள் இல்லாதவர் இரந்து பெறுவது ஒன்றுமில்லை. தமக்கு உரியதையே பெறுகின்றார்.

தனி வீட்டிற்கு 2,000 ரூபாயும் மிகுதியெனின், படிப்பகத்திலோ இளைஞர் மன்றத்திலோ ஒரு பெட்டி வைக்கலாம். இருபதின்மர் சேர்ந்தால் ஒருவர் பங்கு 100 ரூபாய். கூடிக் காணும் ஆட்டத்தின் சுவை தனித்துக் காண்பதற்கு இல்லை என்பது யாவரும் அறிந்ததே.

செல்போன் வழி

இன்று பெரும்பாலோர் கையில் செல்போன் உள்ளது. 2022-ஆம் ஆண்டு உலகக் கோப்பை முழுவதும் ஜியோ சினிமா செயலியில் கட்டணமின்றிக் காட்டப்பட்டது. அதே ஆண்டு மஞ்சேரியில் கேரளமும் மேற்கு வங்காளமும் ஆடிய சந்தோஷ் கோப்பை இறுதியாட்டத்தை இணையத்தில் விலையின்றிக் கண்டவர் பலர். பிரசார் பாரதியார் 2024-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் ‘வேவ்ஸ்’ என்னும் செயலியைத் தொடங்கினர். தூர்தர்ஷன் சேனல்கள் அதிற் கிடைக்கும். இத்தகைய வசதிகள் ஆண்டுக்காண்டு மாறுதலின், ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் போட்டியை நடத்தும் சங்கத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுதல் நலம்.

ஆயினும் ‘இலவசம்’ என்பது முற்றும் இலவசமன்று, டேட்டா செலவாகும். நடுத்தரத் தெளிவில் ஓர் ஆட்டம் முழுவதையும் பார்க்க ஏறக்குறைய ஒரு ஜிகாபைட் வேண்டும். நாளொன்றுக்கு 1.5 ஜிகாபைட் உள்ளவர்க்குப் பாடத்திற்கென மிஞ்சுவது சிறிதே. தெளிவைக் குறைத்துக்கொண்டால் செலவு பாதிக்கும் கீழே இறங்கும். அறையில் ஐவர் இருப்பின் ஐந்து போன்கள் வேண்டா, ஒன்று போதும். நள்ளிரவில் நடக்கும் ஐரோப்பிய ஆட்டங்களை மறுநாள் சுருக்கக் காட்சியாகப் பத்து நிமிடத்திற் காணலாம். அதனால் டேட்டாவும் மிஞ்சும், உறக்கமும் மிஞ்சும், காலை முதல் வகுப்பில் வருகையும் மிஞ்சும்.

விலக்கத்தக்க வழிகளும் உண்டு. உரிமையின்றித் திருட்டுத்தனமாய் ஆட்டங்களைக் காட்டும் இணையதளங்கள் பல உள. அவற்றிற் புகுவோர் தம் போனிற் கேடு விளைக்கும் நிரல்களை ஏற்றிக்கொள்ளுதல் உண்டு. அவற்றின் ஓரங்களில் சூதாட்ட விளம்பரங்கள் மின்னும். பார்க்க வந்தவன் பந்தயம் கட்டுகிறான். 100 ரூபாய் மிச்சம் பிடிக்கச் சென்றவன் 1,000 ரூபாயை இழக்கிறான். பிறருடைய கடவுச்சொல்லைக் கடன் வாங்கிப் பார்ப்பதும் நேரிய வழியன்று. சிக்கனம் வேறு, களவு வேறு.

செலவற்ற முதல்வழி

இதுகாறும் கூறியவை அனைத்தும் பிறர் ஆட்டத்தைக் காணும் வழிகள். இனி நம் ஆட்டத்திற்கு வருவோம். பல்கலைக்கழகத்திற்கு உட்பட்ட கல்லூரிகள் தம்முள் ஆடுகின்றன. அவற்றினின்று பல்கலைக்கழகக் குழு தேர்ந்தெடுக்கப்படுகிறது. அக்குழு தென்மண்டலப் போட்டியில் ஆடி, தகுதி பெற்றால் அகில இந்தியப் போட்டிக்குச் செல்கிறது. 2020-ஆம் ஆண்டு புவனேசுவரத்தில் முதன்முறை நடந்த கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளிலும் காற்பந்து இடம்பெற்றது. இவ்வேணியின் உச்சியில் உள்ள சில ஆட்டங்களே தொலைக்காட்சிக்கு வரும். கீழ்ப்படியில் உள்ள கல்லூரி ஆட்டங்களை எந்தக் கேபிளும் காட்டாது. எந்தச் சந்தாவும் பெற்றுத் தராது. ஆனால் அவற்றிற்கு நுழைவுச் சீட்டும் பெரும்பாலும் இல்லை.

மைதானத்திற் காண்பது குறைந்த காட்சியன்று என்பதையும் கூறுதல் வேண்டும். ஒளிப்படக் கருவி பந்தின் பின்னே ஓடும். நம் கண்ணோ எங்கும் செல்லும். பந்து எதிர்ப்பக்கத்தில் இருக்கையில் நம் பின்காப்பாளர் நால்வரும் ஒரே கோட்டில் முன்னேறி எதிரியை ‘ஆப்சைடு’ நிலையிற் சிக்கவைப்பதைப் பெட்டியில் முழுதும் காண இயலாது. பந்தில்லாத ஆட்டக்காரர் ஓடி இடம் உண்டாக்குவதும், கோல் காப்பவர் கூவி ஏவுவதும், களைத்தவனுக்குப் பக்கத்தவன் ஈடுசெய்வதும் களத்தின் ஓரத்தில் நின்றார்க்கே விளங்கும். புதிதாகக் காண்போர் முதற் பாதியிற் பத்து நிமிடமேனும் பந்தை நோக்காது ஒரே ஆட்டக்காரரை நோக்கிப் பார்ப்பாராக. ஆட்டம் என்பது யாது என அன்று அறிவர்.

இப்போது கீரனூர்ப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். நமது குழு அரையிறுதியை எட்டியபோது, அவருக்கு ஆட்டத்தைக் காட்ட ஒரு வழி கண்டோம். நம்முள் ஒருவர் கோட்டருகே நின்று செல்போனை உயர்த்திப் பிடித்தார். மறுமுனையிற் கீரனூர்க் கடைத்தெருவில் ஒரு தேநீர்க் கடையில், வேறொருவரின் போனைப் பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். முதற் பாதி நன்றாகவே சென்றது. இரண்டாம் பாதியில் நம் போனில் சார்ஜ் தீர்ந்தது. அதன்பின் ஐந்தாறு நிமிடத்தில், கோல் காப்பவரையும் கடந்து சென்ற பந்தை அவர் மகன் கோட்டின்மேல் நின்று காலால் தடுத்தார். ஆட்டத்தை வென்றது அத்தடுப்பே. அதனைத் தந்தையார் காணவில்லை. மாலையில் தொலைபேசியில் நாம் விவரித்தோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்கள் சொன்னது போதும் தம்பி, இருந்தாலும் பார்த்தது போல ஆகுமா?” என்றார்.

இறுதியாட்டத்திற்கு அவரே வந்துவிட்டார். ஒரு நாட் கூலியை விட்டு, முற்பகற் பேருந்தில் வந்து, கோல் கம்பத்தின் பின்னே வேப்ப மரத்தடியில் நின்றார். அன்று நமது குழு தோற்றது. ஆட்டம் முடிந்து மகன் தலைகுனிந்து வந்தபோது, பெரியவர் தம் தோளில் இருந்த துண்டை எடுத்து நீட்டினார், வேறொன்றும் பேசவில்லை. நாம் அன்று செய்த மற்றொரு காரியம், வந்திருந்தோரை எண்ணியது. ஆட்டக்காரரையும் ஆசிரியரையும் நீக்கி, முப்பத்தொருவர் இருந்தனர். அதே நேரத்தில் மைதானத்திற்கு இருநூறு அடி தொலைவில் இருந்த விடுதியில், முந்திய இரவு இங்கிலாந்தில் நடந்த ஆட்டத்தின் மறுஒளிபரப்பை அறுபதின்மருக்குக் குறையாமற் பார்த்துக்கொண்டிருந்தனர் என்பதைப் பின்னர் அறிந்தோம். அவர்களைப் பழிக்கும் உரிமை நமக்கில்லை; முந்திய ஆண்டில் நாமும் அவ்வறையில் இருந்தவர்களே.

அமெரிக்காவிற் கல்லூரி ஆட்டத்தைக் காண இலட்சம் பேர் பொருள் கொடுத்தும் முந்துகின்றனர். நம்மிடம் பொருளும் வேண்டா, இடமும் உண்டு, காண்போர் இல்லை. காண்போர் இல்லாத ஆட்டத்திற்கு நாளடைவில் ஊக்கம் குன்றும். ஊக்கம் குன்றின் குழு குன்றும். பின்னர்க் கிராமத்திலிருந்து வரும் பையனுக்குப் பூட்ஸ் வாங்கித் தருவாரும் இரார். தமிழ்நாட்டு மகளிர் 2018-ஆம் ஆண்டிலும் 2023-ஆம் ஆண்டிலும் தேசிய வாகைப் பட்டம் வென்றனர். அத்தகைய குழுக்கள் வானத்திலிருந்து இறங்குவதில்லை. யாரோ சிலர் நின்று பார்த்த சிறிய மைதானங்களிலிருந்தே எழுகின்றன.

முடிவுரை

ஆதலின், மாணவ நண்பர்களே, நாம் கூறுவது இதுவே. கேபிள் இல்லையென வருந்த வேண்டா. வீட்டிற்கு ஃப்ரீ டிஷ் போதும். அல்லது மன்றத்தில் ஒன்று போதும். செல்போனில் அளவறிந்து காணுங்கள், களவாகக் காணாதீர். உலகக் கோப்பையை உலகத்தோடு சேர்ந்து மகிழுங்கள். ஆனால் நமது கல்லூரிக் குழு ஆடும் நாளில், போனைப் பையில் இட்டு மைதானத்திற்கு வாருங்கள். இயன்றால் ஆட்டக்காரர்களின் பெற்றோருக்கு நாளும் நேரமும் ஒரு வாரம் முன்னரே தெரிவியுங்கள். வெளியூரிலிருந்து வருவோர்க்குப் பேருந்துக் கட்டணத்தை நாமே சேர்த்துக் கொடுப்போம். அடுத்த ஆண்டு மலரில், வந்தோர் தொகை முப்பத்தொன்றன்று, முந்நூறு என்று எழுதும் பேறு எமக்கு வாய்க்குமாக.

“நம் பிள்ளை ஆடுவது இதில் வராதா?” என்று கேட்டவர்க்கு விடை இப்போது தெளிவு. வாராது, ஐயா. நாம்தான் வர வேண்டும்.